கூடப்பிறந்தவளும் கூட இருந்தவளும்

—கதவைச் சாத்திட்டு இந்தப் பக்கம் வா. நீ எதுக்கு இப்ப வெளிய வந்த?

—சும்மா, கொஞ்சம் காத்து வாங்கலாம்னுக்கா.

—காத்து வாங்க இது என்ன கடற்கரையா? பிரசவ அறைக்குள்ள ஒரே ஒரு ஆளுதான் கூட இருக்கலாம்னு சொன்னாங்க. என் தங்கச்சி அந்த ஒரு ஆளா உன்னைக் கூப்பிட்டா. அந்த ஒரு ஆளும் வெளிய வந்துட்டா, உள்ள அவளுக்கு யாரு?

—டாக்டரம்மா இருக்காங்க, சிஸ்டர் இருக்காங்க. ஏதோ பாக்கணுமாம், கொஞ்ச நேரம் வெளிய இருங்கன்னாங்க.

—அப்ப காத்து வாங்கன்னு ஏன் சொன்ன?

—ரெண்டும்தான்கா. நீங்க உக்காருங்க. காலையிலேருந்து இந்தச் சுவத்துல சாஞ்சே நிக்கிறீங்க, முதுகெல்லாம் சுண்ணாம்பு.

—இருக்கட்டும். எப்படி இருக்கா சின்னவ?

—நல்லா இருக்கா. சத்தியமா நல்லா இருக்காக்கா.

—நீ சத்தியம் பண்ணாத. வாரா வாரம் பத்திரிகையில சத்தியம் பண்ணி எழுதுறவதானே நீ? 'சத்தியமாச் சொல்றேன், நெட்டை நடிகரோட கார் குட்டை நடிகை வீட்டு வாசல்ல விடிய விடிய நின்னுச்சு'ன்னு. சுவர்க்கோழின்னு புனைபேர் வெச்சுக்கிட்டா எல்லார் வீட்டுச் சுவத்துக்குள்ளயும் பூந்துடலாமா?

—அது வயித்துப்பாடுக்கா.

—வயித்துப்பாடா! இன்னைக்கு ஒருநாள் வயித்தைப் பத்தி எங்கிட்டப் பேசாத. தெரியாமத்தான் கேக்குறேன், உள்ள பொறக்கப் போறது யார் புள்ள?

—உங்க புள்ளக்கா.

—யாரோட கரு?

—உங்களோடது, மாமாவோடது.

—சுமக்கறது?

—உங்க தங்கச்சி.

—அப்ப நடுவுல நீ யாரு?

—நான் அவ ஃப்ரெண்டு.

—ஃப்ரெண்டு! ஒண்ணாங்கிளாஸ்ல பக்கத்துல உக்காந்தவ. அவ்வளவுதான். பெஞ்சுல இடம் குடுத்தா பிரசவ அறையிலயும் இடம் உண்டுன்னு அர்த்தமா?

—அதை அவகிட்டத்தானே கேக்கணும்?

—கேட்டேன். 'அக்கா, நீ டென்ஷன் ஆயிடுவே, வெளிய இரு'ங்கறா. நான் டென்ஷன் ஆவேனாம். நீ ஆக மாட்டியாம். அந்த நெட்டை நடிகருக்குக் கல்யாணம்னு கேட்டுட்டு நீ மயக்கம் போட்டு விழுந்தது எனக்குத் தெரியாதா?

—அது வெயில்ல விழுந்ததுக்கா. மாமா எங்க?

—கீழ கார்ல. ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஆகாது. ஏசியைப் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு. கேட்டா வேண்டிக்கறாராம். குறட்டை விட்டுக்கிட்டே வேண்டிக்கற மனுஷனை நான் இப்பத்தான் பாக்குறேன்.

—நீங்களும் கொஞ்சம் டீ குடிங்க. அந்தக் கடைசியில மெஷின் இருக்கு, வாங்கிட்டு வரவா?

—வேணாம். நீ இங்கேருந்து நகராத. உன்னைக் கூப்பிடும்போது நீ இல்லைன்னா? ஏம்மா, நீ அவகூட ஒரே வீட்டுல இருந்தியே இந்த அஞ்சாறு மாசமா. எங்கிட்டச் சொல்லாதது உங்கிட்ட ஏதாவது சொன்னாளா?

—என்ன சொல்லப் போறா?

—என்னவோ. நான் என்னத்தைக் கண்டேன். அவ இதை எப்படிச் சொன்னான்னு உனக்குத் தெரியுமில்ல? நீ அப்ப இல்லை. அன்னைக்கு எனக்கு மறுபடியும் கரு தங்காமப் போயிருந்துச்சு. படுத்துக் கிடந்தேன். அவ பாத்திரம் தேய்ச்சுட்டிருந்தா. தேய்ச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம, 'அக்கா, என் வயிறு சும்மாதானே இருக்கு, எடுத்துக்கோ'ன்னா. ஏதோ பெரிய குண்டானைக் கடன் குடுக்குற மாதிரி.

—எங்கிட்டச் சொல்லியிருக்கா. அன்னைக்கு ராத்திரியே.

—பாத்தியா! எது நடந்தாலும் ராத்திரிக்குள்ள உன் காதுக்கு வந்துடுது. நான்தான் பைத்தியக்காரி மாதிரி, எனக்கு மட்டும் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

—அவ வீட்டுக்காரர் கப்பல்ல இருக்காரு. போன் கிடைச்சாத்தான் உண்டு. பொண்ணு சின்னது. யார்கிட்டத்தான் பேசுவா?

—எங்கிட்டப் பேசட்டும்!

—உங்களைப் பத்தி உங்ககிட்டயே எப்படிக்கா பேசுறது?

—என்னைப் பத்தி என்ன பேசுறதுக்கு இருக்கு? என் வீட்டுல கீழ் ரூமை ஒழிச்சுக் குடுத்தேன். மெத்தை மாத்துனேன். படியேற வேணாம்னு சாப்பாட்டு மேசையை அவ கட்டில் பக்கத்துல கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு மாசத்துல பொண்ணையும் பையையும் தூக்கிக்கிட்டு அவ வீட்டுக்கே போயிட்டா. நீ அங்க போய் ஒட்டிக்கிட்ட.

—அவளுக்கு மூச்சு முட்டிடுச்சுக்கா.

—என்ன பண்ணிட்டேன் நான்?

—குனிஞ்சா குனியாதங்குறீங்க. நிமிந்தா நிமிராதங்குறீங்க. இருமுனா ஏன் இருமுனங்குறீங்க. அவ தூங்கும்போது கதவைத் தொறந்து டார்ச் அடிச்சிருக்கீங்க.

—தூங்குறாளான்னு பாத்தேன்.

—அவ முகத்துல அடிக்கலையேக்கா. வயித்துலதானே அடிச்சீங்க?

—அவ அப்படியா சொன்னா?

—அவ ஒண்ணும் சொல்லலை.

—சொல்ல மாட்ட. வேண்டாததுக்கெல்லாம் எட்டு ஊருக்குக் கேக்கற மாதிரி தண்டோரா போடுவ. வேணுங்கறதைக் கேட்டா வாயில கொழுக்கட்டை. சரி, இதைச் சொல்லு. மொத உதை யார் கையில விழுந்துச்சு?

—அக்கா, எத்தனை தடவைதான் அதையே கேப்பீங்க?

—யார் கையில?

—என் கையில.

—என் புள்ள. என் தங்கச்சி வயிறு. உன் கை! இது எந்த ஊர் நியாயம்?

—டிவி பாத்துட்டிருந்தோம். திடீர்னு அவதான் என் கையைப் புடிச்சு இழுத்து வெச்சா. நானா நீட்டலை. அடுத்த நிமிஷமே உங்களுக்குப் போன் போட்டாளே?

—போட்டா. போனை வயித்து மேல வெச்சுட்டு, 'கேக்குதா அக்கா, கேக்குதா'ங்கறா. உதை கேக்குமா? நான் என் கண்ணாடிக் கடையில ஒருத்தருக்குக் கண்ணு பரிசோதிச்சிட்டிருந்தேன். பலகையில மேல் வரி எழுத்து எவ்வளவு பெருசா இருக்கும்? அதுவே எனக்குக் கலங்கிப்போச்சு. அந்த ஆளு, 'ஏம்மா, கண்ணாடி உங்களுக்குத்தான் வேணும்போல'ன்னு எந்திரிச்சுட்டாரு. கடையைப் பாதியில சாத்திட்டு ஓடி வந்து கையை வெச்சா, நீ என்ன சொன்ன?

—ஞாபகம் இல்லை.

—'அக்கா, பாப்பா இப்பத்தான் தூங்குச்சு'ன்ன. என் புள்ள தூங்குதா முழிச்சிருக்கான்னு எனக்கு நீ சொல்ற!

—தப்புத்தான்கா.

—போதாக்குறைக்கு அந்தப் பத்தி வேற. 'மூத்தவளுக்காக இளையவள் சுமக்கிறாளாம். பெற்ற பிறகு கொடுப்பாளா, மாட்டாளா என்று வீட்டுக்குள்ளேயே பந்தயமாம்'னு எழுதுனியே!

—ஐயோ, எத்தனை தடவை சொல்றது? அது நிஜமாவே ரெண்டு நடிகைங்கக்கா! எங்க ஆசிரியர் தலையில அடிச்சு வேணும்னாலும் சொல்றேன்.

—என் கடையில காத்திருக்கிறவங்க படிக்கட்டும்னு உன் பத்திரிகையைத்தான் போட்டு வெச்சிருந்தேன். அள்ளிக் குப்பையில போட்டுட்டு, தெருவுல இருக்கற மத்தக் கடைக்கும் போய் இருக்கறதையெல்லாம் நானே வாங்கிட்டு வந்துட்டேன். யாரும் படிச்சுடக் கூடாதுன்னு.

—தெரியும். அந்த வாரம் உங்க தெருவுல மட்டும் விற்பனை எகிறிப்போச்சு. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, 'சுவர்க்கோழிக்கு அங்க அவ்வளவு ரசிகர்களா'ன்னாரு.

—சிரிக்காத. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

—சிரிக்கலைக்கா. உங்க விஷயம் எங்க ஆபீஸ்ல ஒரு ஈ எறும்புக்குத் தெரியாது. வாடகைத்தாய்ங்கற வார்த்தை எந்தச் செய்தியில வந்தாலும் நான் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிடுவேன்.

—அந்த வார்த்தையைச் சொல்லாத. அந்த டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். வாடகையாம் வாடகை. இவ என் ரத்தம். நான் என்ன வீடா புடிச்சேன்?

—வாடகை வீடா இருந்தாலும் காலி பண்ணிட்டுப் போனா சுவத்துல ஆணி அடிச்ச தடம் இருக்கும்கா.

—என்ன சொல்ல வர்ற?

—ஒண்ணுமில்லை. நம்ம பேச்சு எங்கெங்கயோ போகுது.

—உன் பேச்சே அப்படித்தான். நேரா வராது. காஸிப்! அதுதான் உன் உத்தியோகத்துக்குப் பேரு. என் கடையில யாராவது கேட்டா, 'தங்கச்சியோட ஃப்ரெண்டு பத்திரிகையில இருக்கா'ன்னு கௌரவமாச் சொல்லுவேன். ஆனா எனக்குத் தெரியும், நீ வெறும் காஸிப். புறணிக்குச் சம்பளம் வாங்குற ஆளு. அப்பேர்ப்பட்ட வாயை உள்ள கூட்டிட்டுப் போய் வெச்சிருக்கா, கூடப்பொறந்தவளை வெளிய நிறுத்திட்டு.

—அந்த வார்த்தை மொதல்ல என்னவா இருந்துச்சுன்னு தெரியுமாக்கா?

—இப்ப அதுதான் ரொம்ப முக்கியமா?

—டாக்டரம்மா கூப்பிடற வரைக்கும் நாம வேற என்ன பண்ணப் போறோம்? உக்காருங்க, சொல்றேன். அந்த நாற்காலி வேணாம், கை ஆடுது. இதுல உக்காருங்க. கதை என்னன்னா, ஒரு விருந்துல ஒரு அம்மா என்னை இன்னொருத்தருக்கு அறிமுகம் பண்ணி வெச்சாங்க. 'இவங்க காஸிப் எழுதறவங்க'ன்னுட்டு, என் கையைக் குலுக்குன கையைக் கைக்குட்டையில தொடைச்சுக்கிட்டாங்க.

—நான்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

—எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் சோறு திங்கிற வார்த்தை, அது எங்க பொறந்து எங்க வளந்துச்சுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? ஆபீஸ்ல தலகாணி கணக்கா ஒரு இங்கிலீஷ் அகராதி கிடக்கு. தூசி தட்டி எடுத்தேன். எடுத்துப் பாத்தா—

—இழுக்காத.

—அது ஒரு வார்த்தையே இல்லைக்கா, ரெண்டு. காட், ஸிப். காட்னா கடவுள். ஸிப்னா என்னன்னு சொல்லுங்க பாப்போம்?

—ஸிப் தெரியும். உன் வாய்க்கு ஒண்ணு வெச்சுத் தைக்கணும்.

—அந்த ஸிப் இல்லை! இது பழைய ஸிப். சொந்தம்னு அர்த்தம், ரத்த சொந்தம். கூடப்பொறந்தவங்களை ஸிப்லிங்னு சொல்றாங்களே, அதுல இருக்கே, அதே ஸிப். காட்-ஸிப். ஆளாளுக்கு வாயில போட்டு உருட்டி உருட்டி, காஸிப்.

—அப்ப கடவுளோட கூடப்பொறந்தவங்கன்னு அர்த்தமா?

—கடவுளைச் சாட்சியா வெச்சு சொந்தமானவங்க. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க சர்ச்சுல குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கும்போது, பெத்தவங்களோட இன்னும் ரெண்டு மூணு பேர் நிப்பாங்க. 'இந்தக் குழந்தைக்கு நாங்களும் பொறுப்பு'ன்னு. ஞானத்தாய், ஞானத்தகப்பன். அவங்களுக்குத்தான் அந்தப் பேரு. ரத்தம் வேற, ஆனா சொந்தம்.

—கேக்க நல்ல வார்த்தையாத்தான் இருக்கு. அப்புறம் ஏன் கெட்டுப்போச்சு? உன்னை மாதிரி ஆளுங்க சகவாசமா?

—அங்கதான் கதையே. கொஞ்ச காலம் போனதும் நெருங்குன சிநேகிதக்காரங்களையும் அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. அதுலயும் முக்கியமா யாரைன்னு நெனக்கிறீங்க? பிரசவத்துக்குக் கூட இருக்க வர்ற பொம்பளைங்களை.

—பொய்.

—சத்தியமா. சரி, சத்தியம் வேணாம், அகராதியைக் கொண்டாந்து காட்டுறேன். அப்ப ஏது ஆஸ்பத்திரி? ஒருத்திக்கு வலி வந்தா அக்கம்பக்கத்துல இருக்கற சிநேகிதிங்களுக்கு ஆள் போகும். கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. வந்ததும் கதவைச் சாத்துவாங்க. ஜன்னலுக்குக் கனமா திரை போடுவாங்க. சாவித் துவாரத்தைக்கூடத் துணி வெச்சு அடைப்பாங்களாம். ஆம்பளை வாடையே கூடாது. சூடா எதையாவது காய்ச்சி அவளுக்கும் குடுத்து, தாங்களும் குடிச்சுட்டு, சுத்தி உக்காந்துக்குவாங்க. அப்புறம் பேச ஆரம்பிப்பாங்க.

—என்ன பேசுவாங்க?

—எல்லாம்தான். யார் வீட்டுப் பசு கன்னு போட்டுச்சு, எவளுக்கு மாமியார் சோறு போடலை, எவ புருஷன் எந்த வேலிப் பக்கம் நின்னான். வலி அலை அலையாத்தானே வரும்? ஒரு அலை போய் அடுத்த அலை வர்ற வரைக்கும் அவ பயந்துக்கிட்டே கிடக்கக் கூடாதில்ல? அதுக்குத்தான் பேச்சு. வேற மருந்து கிடையாது. பேச்சுதான் மருந்து.

—வெளிய இருக்கறவங்க?

—வெளிய புருஷன், மாமனார், ஊர் ஆம்பளைங்க எல்லாம் கதவையே பாத்துக்கிட்டு நிப்பாங்க. உள்ள சிரிப்புச் சத்தம் கேக்கும். எதுக்குச் சிரிக்கறாளுங்க? நம்மளைப் பத்தியா? தெரியாது. உள்ள போகவும் முடியாது. வெந்துபோய், 'காஸிப்புங்க கூடிட்டாளுங்க'ன்னு ஏளனம் பேசிப் பேசி, கடைசியில வெட்டிப் பேச்சுக்கே அந்தப் பேராயிடுச்சு. பேசுனவங்க பொம்பளைங்க. அகராதி எழுதுனவங்க ஆம்பளைங்க.

—ஆக மொத்தம், கதவுக்கு வெளிய நின்னவங்க வயித்தெரிச்சல்லதான் ஒரு நல்ல வார்த்தை கெட்டுச்சுன்னு சொல்ற.

—நான் உங்களைச் சொல்லலைக்கா.

—என்னைத்தான் சொன்ன. சொல்லு, எனக்கென்ன. ஆமா, வயித்தெரிச்சல்தான். இல்லாம? எனக்கு எரியறதுக்காவது ஒரு வயிறு வேணாமா? நீ எத்தனை அகராதி புரட்டுனாலும், கூடப்பொறந்தவ நான். அவ பொறந்தப்ப தொட்டில்ல எட்டிப் பாத்தவ நான்.

—நீங்க கூடப்பொறந்தவங்க. நான் பொறக்கும்போது கூட இருக்க வந்தவ. ரெண்டுலயும் அதே வார்த்தைங்கதானேக்கா இருக்கு?

—வார்த்தை ஜாலம் எங்கிட்ட வேணாம். அவ மொதப் பிரசவத்துக்கு உள்ள இருந்தது யாரு? நான். கையைக் கடிச்சு வெச்சா. இந்தா, இந்த மணிக்கட்டுல. இன்னைக்கும் வளையல் போட்டா உறுத்தும். அப்ப நான் டென்ஷன் ஆனேனா? மலை மாதிரி நின்னேன். பொண்ணு பொறந்ததும் மொதல்ல வாங்குன கையும் இதுதான்.

—ஆமா. வாங்குனீங்க.

—அது என்ன, 'வாங்குனீங்க'? ஒரு மாதிரி சொல்ற?

—வேணாம்கா. இன்னைக்கு எதுக்கு அதெல்லாம்.

—ஆரம்பிச்சா முடிக்கணும். உன் பத்திரிகையில 'அடுத்த வாரம்'னு போடற மாதிரி எங்கிட்டப் போடாத.

—சிஸ்டர் குழந்தையைத் துடைச்சு உங்க கையில குடுத்தாங்க. நீங்க வாங்கிக்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. அவ கட்டில்லேருந்து கையை நீட்டிக்கிட்டே கிடந்தாளாம். 'அக்கா, இங்க காட்டு, அக்கா, இங்க காட்டு'ன்னு. உங்களுக்குக் காதுலயே விழலை. அப்புறம் சிஸ்டர்தான் உங்க கையிலேருந்து வாங்கிக் குடுக்க வேண்டியிருந்துச்சு.

—பொய். ஒரு நிமிஷம்தான் வெச்சிருந்தேன்.

—இருக்கலாம்.

—வெளிச்சத்துல பாக்கணும்னுதான் திரும்புனேன். கண்ணு சரியா இருக்கான்னு. எனக்கு அது தொழில்.

—சரிக்கா.

—சரியில்லை. எனக்கு அதுக்கு முந்துன மாசம்தான் ஒண்ணு கலைஞ்சிருந்துச்சு. யாருக்கும் சொல்லலை. அவளுக்கும் சொல்லலை. கையில ஒரு குழந்தை வந்து விழுந்ததும் எனக்குக் காது அடைச்சுப்போச்சு. அது தப்பா?

—தப்புன்னு அவ ஒருநாளும் சொன்னதில்லை. அழுதுகிட்டேதான் சொன்னா, 'பாவம்டி எங்க அக்கா'ன்னு.

—என்னைப் பாத்துப் பாவம்னு அவ உங்கிட்டச் சொல்றா. நல்லா இருக்கு. நல்லா இருக்கு உங்க காஸிப்.

—உங்களுக்கு என் மேல பொறாமை. சரி. எனக்கு உங்க மேல இல்லைன்னு நெனக்கிறீங்களா?

—எம்மேலயா? எங்கிட்ட என்ன இருக்கு?

—சின்ன வயசுலேருந்து அவ வாயைத் தொறந்தா உங்க பேச்சுத்தான். அக்கா சொன்னா, அக்கா திட்டுவா, அக்காவுக்குப் பிடிக்காது. நானும் எத்தனை வருஷமா அவகூட இருக்கேன்? ஒரு நாளைக்கு ஒரு நல்ல சட்டையைக் கடன் கேட்டாலே யோசிப்பா. 'கறை ஆக்கிடுவேடி'ம்பா. உங்களுக்கு வயித்தையே குடுத்துட்டா. நாளைலேருந்து நீங்களும் அவளும் குழந்தையும் ஒரு பக்கம். நான் மறுபடியும் நெட்டை நடிகர் வீட்டு வாசல்ல.

—நீ இப்படி ஒரு தடவைகூடப் பேசுனதில்லையே.

—நீங்க ஒரு தடவைகூட எங்கூட உக்காந்ததில்லையேக்கா.

—இரு. அது என்ன சத்தம்?

—எது?

—குழந்தை. குழந்தை அழுவுது.

—பக்கத்து ரூமா இருக்கும்கா.

—இல்லை, இந்தக் கதவுதான். தள்ளு.

—அக்கா, கொஞ்சம் பொறுங்க, கேளுங்க—

—யாரும்மா அது, கதவைப் புடிச்சு இழுக்கிறது? பிரசவ வார்டு இது, சந்தை இல்லை.

—சிஸ்டர், உள்ள என் தங்கச்சி. குழந்தைச் சத்தம் கேட்டுச்சே?

—சிஸ்டர், அக்காகிட்டச் சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்தானே?

—ஆகும், ஆகும். போய் உக்காருங்கம்மா. நானே வந்து கூப்பிடறேன்.

—ஏன் சிஸ்டர், உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?

—தூக்கமில்லைம்மா. ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாக்கறேன். போங்க, போய் உக்காருங்க.

—போயிட்டாங்க. ஏய், இங்க பாரு. என்னைப் பாரு. நான் கண்ணாடிக் கடைக்காரி. தூக்கமில்லாத கண்ணு எது, அழுத கண்ணு எதுன்னு எனக்குத் தெரியும். அவங்க அழுதிருக்காங்க. போகும்போது உன்னைப் பாத்து ஜாடை காட்டிட்டுப் போறாங்க. என்ன நடக்குது உள்ள?

—ஒண்ணுமில்லைக்கா.

—போயிடுச்சா?

—என்னது?

—இதுவும் போயிடுச்சா? எனக்கு இந்த வராண்டா புதுசில்லை. டாக்டருங்க சொல்லத் தயங்கும்போது இப்படித்தான் ஒரு ஆளை வெளிய அனுப்புவாங்க, பேச்சுக் குடுக்கச் சொல்லி. எனக்கு ஒவ்வொரு தடவையும் அனுப்பியிருக்காங்க. அதுக்குத்தான் நீ வந்தியா? சொல்லிடு. நான் தாங்கிக்குவேன். பழக்கம்தான். சொல்லிடும்மா.

—ஐயோ அக்கா, இல்லை! அழாதீங்க. குழந்தை நல்லா இருக்கு. கொழுகொழுன்னு இருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

—இருக்குன்னா? உனக்கு எப்படித் தெரியும்?

—பொறந்துடுச்சுக்கா. நான் கதவைச் சாத்திட்டு வெளிய வந்தப்பவே பொறந்திருந்துச்சு.

—அப்பவேவா? அப்ப இவ்வளவு நேரம் நீ பேசுனது?

—அவதான் கேட்டா. 'அக்காவைக் கொஞ்ச நேரம் பேச்சுல புடிச்சு வெச்சுக்கோடி, ஒரு தடவை மடியில போட்டு இதோட மூஞ்சியைப் பாத்துட்டுத் தந்துடறேன்'னா. அதுக்காகத்தான் என்னைக் கூட இருக்கச் சொன்னதே. பிரசவத்துக்கு இல்லை. அந்த சிஸ்டரும் அதைக் கேட்டுட்டுத்தான் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க.

—தந்துடறேன்னு சொன்னாளா?

—தந்துடறேன்னுதான் சொன்னா. அதுல அவளுக்கு ரெண்டாவது யோசனையே கிடையாதுக்கா.

—இதை எங்கிட்டயே கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனா?

—குடுத்திருப்பீங்க. குடுத்துட்டு, பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க.

—என் புள்ள. நான் இன்னும் பாக்கலை. நீ பாத்துட்ட, டாக்டர் பாத்துட்டாங்க, சிஸ்டர் பாத்துட்டாங்க. பெத்தவ நான் மட்டும் பாக்கலை.

—போங்கக்கா. நான் தடுக்கலை. கதவு சாத்தித்தான் இருக்கு, தாழ் போடலை.

—இரு. அவ குரல்தானே அது? பாடுறாளா?

—பேசிட்டிருக்கா.

—குழந்தைகிட்டயா? என்ன பேசுறா?

—கேக்க வேணாம்கா.

—ஏம்மா, இன்னுமா இங்கயே நிக்கிறீங்க? குழந்தையோட அம்மா நீங்கதானே? எல்லாம் ஆச்சு. வாங்க, உள்ள வந்து குழந்தையை வாங்கிக்கோங்க.

—இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் சிஸ்டர். நானும் இவளும் பேசிட்டிருக்கோம்.